மூணாறை விட்டுவிடுங்கள், கொச்சி போதும்

கேள்வி: சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் கல்லூரித் தோழி பெங்களூருவில் ஐடி வேலையில் இருக்கிறாள். ஆறு வருடமாக "எங்கேயாவது போகணும்" என்று பேசிக்கொண்டே இருந்துவிட்டு, இந்தக் காலாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு கேரளா போய்வருவது என்று முடிவு செய்திருக்கிறோம். கொச்சி, ஆலப்புழை படகு வீடு, மூணாறு மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சீட்டு எடுத்ததில் ஒதுக்கிய 5,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. அதற்கு மேல் என்னால் முடியாது. "மீதியை நான் பார்த்துக்கறேன்" என்கிறாள். அவள் சம்பளம் என்னுடையதைப்போல நாலு மடங்கு. அவள் செலவில் போக எனக்கு மனசில்லை, அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. இந்தப் பணத்தில் கௌரவமாகப் போய்வர முடியுமா அக்கா?
— சேலம் வாசகி

பதில்:

முடியும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் மூன்று ஊர் முடியாது, ஒரே ஊர்தான். அந்த ஊர் கொச்சி. அதிலும் பழைய நகரப் பகுதிகளான ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் விட்டு நீங்கள் நகரவே வேண்டாம்.

பதினெட்டு வருடமாகப் பெண்களுக்குச் சிறு பயணங்கள் ஏற்பாடு செய்து தருகிறேன். இத்தனை வருடத்தில் பட்ஜெட் உடைந்த பயணங்களை எடுத்துப் பார்த்தால், அறை வாடகையால் உடைந்தது ரொம்பக் குறைவு. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஓடியதில்தான் உடைந்திருக்கிறது. உங்கள் விஷயத்தையே பாருங்கள். வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கொச்சியின் ரயில்நிலையம் இருக்கும் எர்ணாகுளத்தில் இறங்குகிறீர்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் திரும்ப ரயில் ஏற வேண்டும். நடுவில் இருப்பது 45 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 14 போனால் மிச்சம் 31. கொச்சியிலிருந்து மூணாறு 130 கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை. போக நாலரை மணி நேரம், வர நாலரை மணி நேரம் என்று ஒன்பது மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். டாக்ஸி வைத்தால் உங்கள் 5,000 அதிலேயே கரைந்துவிடும். ஆலப்புழை பக்கம்தான், 55 கிலோமீட்டர் சுமார். ஆனால் படகு வீட்டில் ஓர் இரவு என்றால் இருவருக்கும் சேர்த்து ஏழாயிரம், எட்டாயிரம் என்று ஆரம்பிப்பார்கள். இரண்டையும் இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோழிக்குத் தண்ணீரும் படகும்தான் ஆசை என்றால், கொச்சியில் அது பஸ் டிக்கெட் விலைக்குக் கிடைக்கிறது. கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் பண விஷயம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும், அதையும் வாட்ஸ்அப்பில் எழுதாமல் போனில் குரலில் சொல்லுங்கள். "என்கிட்ட 5,000 இருக்கு. அதுக்குள்ள ரெண்டு பேரும் சமமா செலவு பண்ற மாதிரி ஒரு பயணம் வேணும். அப்பதான் எனக்குச் சந்தோஷமா இருக்கும்." இவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். உங்கள் தோழி கெட்ட எண்ணத்தில் "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லவில்லை. எவ்வளவு என்று தெரியாததால் அப்படிச் சொல்கிறார். எண்ணைச் சொல்லிவிட்டால் அவருக்கும் திட்டம் போடுவது சுலபம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஒரு தோழியோடு மைசூரு போனேன். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எல்லாவற்றுக்கும் அவளே கொடுத்தாள். நான் ஒரு சின்ன டைரியில் ராத்திரி ராத்திரி கணக்கு எழுதி வைத்தேன். அரண்மனையில் விளக்கு எரியும்போதுகூட என் மனசு, மத்தியானம் சாப்பிட்ட பில்லில் பாதி எவ்வளவு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பிப் பணத்தை நீட்டியபோது அவளுக்கு அது அவமானமாகப் பட்டது. ஐந்தாறு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இருவர் மீதும் தப்பில்லை. முதல் நாளே பேசாததுதான் தப்பு.

ஆகவே ஒரு பொதுப் பர்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். நிஜமான பர்ஸ், ஜிப் வைத்தது. ரயிலில் சந்தித்ததும் ஆளுக்கு 1,000 ரூபாய் அதில் போடுங்கள். சாப்பாடு, ஆட்டோ, படகு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். தீர்ந்தால் மறுபடி இருவரும் சமமாகப் போட வேண்டும். முதல் நாள் பர்ஸ் உங்களிடம், அடுத்த நாள் அவரிடம். செல்போனில் யுபிஐ வழியாக ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டே போனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாது. ஒருவேளை அவருக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது, உங்களுக்குத் தேவையில்லை என்றால், அந்த வித்தியாசத்தை அவர் கொடுக்கட்டும். அது அவருடைய தேவைக்கு அவர் கொடுப்பது, உங்களுக்குத் தருவதில்லை. அதையும் முன்னாடியே பேசிவிடுங்கள்.

இனி ரயில். உங்கள் இருவர் ஊருக்கும் ஒரு வசதி இருக்கிறது. பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி காலை ஆறு மணிவாக்கில் பெங்களூருவில் கிளம்பி, பத்து மணியை ஒட்டிச் சேலம் வந்து, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் வழியாக மாலை ஐந்து மணிக்கு எர்ணாகுளம் ஜங்ஷன் சேர்கிறது. அவர் அங்கே ஏறட்டும், நீங்கள் இங்கே ஏறுங்கள். உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பில் முன்பதிவு செய்தால் உங்களுக்கு 200 ரூபாய்க்குள் முடியும், அவருக்கு அதைச் சற்றுத் தாண்டும். ஏறும் ஊர் வேறு என்பதால் டிக்கெட் தனித்தனியாகத்தான் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்து சீட் விழாமல் போகலாம். பகல் வண்டிதான், கோயம்புத்தூரில் நிறையப் பேர் இறங்குவார்கள், கேட்டு மாற்றி உட்கார்ந்துகொள்ளலாம். அவர் விடியற்காலையிலேயே வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார். அவருக்கும் சேர்த்துப் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் மதியச் செலவு அதோடு போச்சு. ஆறு வருடம் கழித்து இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டுவீர்கள்.

திரும்பி வருவதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்வேன். எர்ணாகுளத்திலிருந்து சேலம் வரும் இரவு ரயில்கள் பல, நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்கு உங்களை இறக்கிவிடும். தனியாக இறங்க அது நல்ல நேரமில்லை. பகல் இன்டர்சிட்டி ஞாயிறு காலையிலேயே கிளம்பிவிடும், அதில் வந்தால் ஒரு நாள் போச்சு. திங்கள் காலை அதில் வரலாம் என்று தோன்றும். ஆனால் ஓர் இரவு கூடுதல் வாடகையில் உங்கள் பங்கு 750, ஒரு நாள் சாப்பாடு 400 என்று பார்த்தால் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகப் போய்விடும். இப்போது அதே தடத்தில் வந்தே பாரத் ஓடுகிறது. எர்ணாகுளத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கிளம்பி, இரவு ஏழரை மணிக்குள் சேலம் வந்துவிடும். சேர் கார் டிக்கெட் சேலத்துக்கு 1,000 ரூபாயை ஒட்டி வரும். முன்பதிவின்போது சாப்பாடு வேண்டாம் என்று குறித்தால் இன்னும் குறையும். தோழிக்குக் கூடுதலாகும், இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்வார், அதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் எடுங்கள், ஞாயிறு வண்டிதான் சீக்கிரம் நிரம்பும். ஆயுத பூஜை, விஜயதசமி ஒட்டிய வார இறுதி உங்கள் விடுமுறைக்குள் வந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். தசராவுக்குப் பெங்களூருவே கிளம்பிக் கேரளா போகிற மாதிரி இருக்கும்.

தங்குவது ஃபோர்ட் கொச்சியில், ஒரு ஹோம்ஸ்டேயில். ரயில்நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் போட்டால் 300 ரூபாய் குறையும், ஆனால் தினமும் போகவர அதைவிட அதிகமாகும். பிரின்சஸ் தெரு மேலேயே இருக்கும் வீடுகளை விட்டு இரண்டு சந்து உள்ளே தள்ளிப் பாருங்கள். அக்டோபர் வரை கூட்டம் குறைவு. இருவர் தங்கும் சுத்தமான அறை 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். டிசம்பரில் இதே அறைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். செயலியில் பார்த்த பிறகு நேரடியாகப் போன் செய்து விலை கேளுங்கள், பல வீட்டுக்காரர்கள் குறைப்பார்கள். வெந்நீர் வருமா, காலைப் பலகாரம் சேர்த்தா, இரவு கேட் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். வீட்டில் அம்மா கவலைப்பட்டால், அந்த வீட்டுச் சேச்சியின் எண்ணை அம்மாவிடம் கொடுத்து ஒருமுறை பேசச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் பலருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். இருவரும் அசல் ஆதார் எடுத்துப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை இறங்கியதும் ஆட்டோவில் நேராக எர்ணாகுளம் படகுத்துறைக்குப் போங்கள். அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது, டிக்கெட் பத்து ரூபாய் சுமாருக்குள்தான். ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள், மீன் கூடை எல்லாம் உங்களோடு வரும். வலது பக்கம் வல்லார்பாடத்துக் கன்டெய்னர் கிரேன்கள், இடது பக்கம் வெல்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டியே உண்டாக்கிய தீவு அது. இருபது நிமிடம். அந்த நேரம் வெயில் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும். படகு வீட்டுக்குக் கொடுக்க இருந்த பணத்தைத் தோழி அங்கேயே மறந்துவிடுவார். வசதியாகப் போக வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ இருக்கிறது, 40 ரூபாய், ஏசி, சத்தமே இல்லாத மின்படகு. போகும்போது பழைய படகு, திரும்பும்போது மெட்ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் கரையோரத்துச் சீன மீன்பிடி வலைகளுக்குப் போங்கள். ஒரு வலையை நாலைந்து பேர் சேர்ந்து இறக்குவார்கள். பின்பக்கக் கயிறுகளில் பெரிய பெரிய கற்கள் கட்டித் தொங்கும், அந்தக் கனம்தான் வலையைத் தூக்க உதவுகிறது. "வாங்க, கயிறு இழுங்க" என்று கூப்பிடுவார்கள். இழுத்துப் பாருங்கள், நல்ல அனுபவம். முடிந்ததும் பணம் எதிர்பார்ப்பார்கள், 50 ரூபாய் கொடுத்தால் போதும், அதைப் பர்ஸ் கணக்கில் முன்பே சேர்த்துவிடுங்கள். அங்கிருந்து நடந்தே புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில் இறந்தபோது அடக்கம் செய்த இடம். பிறகு உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. ஞாயிறு காலை பிரார்த்தனை நடக்கும், அதனால்தான் சனியில் வைத்தேன்.

அதன்பின் 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் தோபி கானாவுக்கு அவசியம் போங்கள். பயணக் கையேடுகள் ஒரு வரியில் தாண்டிவிடும் இடம், எனக்கு அந்த ஊரிலேயே ரொம்பப் பிடித்த இடம். அங்கே துணி துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்க அழைத்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். ஆளுக்கொரு துவைக்கும் தொட்டி, பின்னால் வெயிலில் நீண்ட கொடிகள். அந்தக் கொடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள், கிளிப் ஒன்றுகூட இருக்காது. இரண்டு கயிற்றை முறுக்கி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகியிருப்பார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் விழாது. நீங்கள் தமிழில் பேசினால் அவர்கள் முகம் மலரும். படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

மதியம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் போடுங்கள். மாலையில் கதகளி. ஃபோர்ட் கொச்சியில் சுற்றுலாக்காரர்களுக்காகத் தினமும் நடக்கிறது, டிக்கெட் 500 ரூபாயைச் சுற்றி. உங்கள் பட்ஜெட்டில் இது பெரிய செலவுதான், ஆனால் இதை வெட்டாதீர்கள். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் மேடையிலேயே ஒப்பனை போடுவதைப் பார்க்கலாம். மல்லாந்து படுத்திருக்கும் நடிகரின் தாடையோரத்தில் சுட்டி என்ற வெள்ளை விளிம்பை இன்னொருவர் பொறுமையாக ஒட்டுவார். கடைசியில் சுண்டப்பூவின் சின்னஞ்சிறு கருவைக் கண்ணிமைக்குள் வைத்துக் கண்ணைச் சிவக்க வைப்பார்கள். அந்தக் கண்தான் பிறகு கதை சொல்லும்.

ஞாயிறு காலை பையை எடுத்துக்கொண்டே மட்டாஞ்சேரி. ஆளுக்கு ஒரு முதுகுப் பை போதும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கிழமை இங்கே முக்கியம். டச்சு அரண்மனை வெள்ளிக்கிழமை கிடையாது, யூத தேவாலயம் சனிக்கிழமை கிடையாது. இரண்டும் திறந்திருக்கும் உங்கள் ஒரே நாள் ஞாயிறு. அரண்மனையைப் போர்த்துகீசியர்கள் 1555-இல் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள், டச்சுக்காரர்கள் பின்னால் பழுதுபார்த்ததால் அந்தப் பெயர். படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணம் வரைந்திருக்கிறது, ஒன்பது மணிக்குப் போய் அதற்கே முக்கால் மணி நேரம் கொடுங்கள். பத்து மணிக்கு யூத தேவாலயம், 1568-இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும், கையில்லாத சட்டை போட்டால் உள்ளே விடமாட்டார்கள். தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பார்கள். நீங்கள் இருவரும் குனிந்து தேடிப் பாருங்கள். இரண்டு இடத்துக்கும் கட்டணம் மிகக் குறைவு.

அந்தத் தெருவில் மசாலா, பழம்பொருள் கடைகள் நிறைய. ஆட்டோக்காரர் யாராவது "50 ரூபாய்க்கு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டறேன்" என்றால் ஏறாதீர்கள். கடை கடையாக இறக்கிவிட்டுக் கமிஷன் வாங்குவார்கள், உங்கள் காலை நேரம் அதில் போய்விடும். பதினொன்றரைக்குள் காயீஸ் என்ற ஓட்டலில் பிரியாணி கிடைத்தால் சாப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் எந்தச் சின்ன ஓட்டலிலும் மட்டை அரிசிச் சோறும் மீன் கறியும் நன்றாக இருக்கும். மட்டாஞ்சேரியிலேயே இப்போது வாட்டர் மெட்ரோ துறை வந்துவிட்டது. பன்னிரண்டரைக்குப் படகு ஏறி உயர் நீதிமன்றத் துறையில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் ஒன்றரைக்குள் ஜங்ஷனில் இருக்கலாம். ஜங்ஷன் என்று தெளிவாகச் சொல்லுங்கள், எர்ணாகுளம் டவுன் என்று இன்னொரு நிலையம் இருக்கிறது.

உங்கள் கணக்கு: போகும் ரயில் 200, திரும்பும் ரயில் 1,000, இரண்டு இரவு வாடகையில் பாதி 1,500, சாப்பாடு 1,100, கதகளி 500, ஆட்டோ, படகு, நுழைவு எல்லாம் 350. மொத்தம் 4,650. மிச்சம் 350-இல் அம்மாவுக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கலாம். இது தவிர, கடன் வாங்கியாவது 1,000 ரூபாயைத் தனியே பையின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள், தொடாமல் திருப்பிக் கொடுக்க. அக்டோபரில் சாயங்காலம் இடி மழை வரும் ஊர், ஆளுக்கொரு குடை கட்டாயம்.

இன்று இரவே தோழிக்குப் போன் செய்யுங்கள். அவர் மூணாறு வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்த 31 மணி நேரக் கணக்கைச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு ஏழரைக்குச் சேலம் ஸ்டேஷனுக்கு யார் அழைக்க வருவது என்பதையும் வீட்டில் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.